சாரம் தீர்ந்த கல்

பிப்ரவரி 6

லேப் மகாராணிக்கு,

நேற்று போனில் நீ கத்தியது, நான் பதிலுக்குக் கத்தியது, கடைசியில் யார் முதலில் வைத்தோம் என்று தெரியாமல் இரண்டு பேருமே வைத்தது எல்லாம் போதும். அத்தை ஹாலில் உட்கார்ந்து முழுவதையும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். "என்னாலதான் சண்டையா மாப்பிள்ளை?" என்று கேட்டார்கள். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. அதனால் இனிமேல் எழுதிக்கொள்ளலாம். எழுதும்போது நீ குறுக்கே பேச முடியாது. அது எனக்கு ரொம்ப வசதி.

நீ கேட்டதற்கு நேராகவே பதில் சொல்கிறேன். ஆமாம், உன் அம்மா சாப்பிடுவதில்லை. நீ ரத்த வங்கிப் பயிற்சிக்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பியதிலிருந்தே இந்தக் கதைதான். காலையில் சமைத்து, மதியத்துக்கு ஹாட்பாக்ஸில் போட்டு மேசையில் வைத்துவிட்டுத்தான் கடைக்குப் போகிறேன். வந்து பார்த்தால் இரண்டு வாய் எடுத்த அடையாளம் மட்டும் இருக்கும். ராத்திரி நான் வருவதற்குள் ஒரு டம்ளர் பால் குடித்துவிட்டுப் படுத்துவிடுகிறார்கள். டாக்டர் வயிற்றைப் பார்த்தார், பல்லைப் பார்த்தார், ரத்தத்தைப் பார்த்தார். எல்லாம் சரியாம். "வயசாயிடுச்சு இல்லையா" என்றார். வயசுக்கு மருந்து எழுதித் தரவில்லை.

இனி நீ "அந்தக் கருமம்" என்று சொன்ன விஷயம். அதன் பெயர் ஆர்கோனைட். மோட்டார் கட்டித் தரச் சொல்லிக் கடைக்கு வந்த ஒரு ஆள் அவர் போனில் படம் போட்டுக் காட்டினார். உலகம் முழுக்க ஆர்கோன் என்று ஒரு உயிர்ச்சக்தி பரவிக் கிடக்கிறதாம். இரும்புச் சீவல், செம்புக் கம்பி, நடுவில் ஒரு ஸ்படிகக் கல், இதையெல்லாம் ரெசின் என்கிற பசையில் போட்டு இறுக வைத்தால், பக்கத்தில் இருக்கிற கெட்ட சக்தியை அது உள்ளே இழுத்து நல்லதாக வெளியே விடுமாம். நிஜமா என்று என்னைக் கேட்காதே, எனக்குத் தெரியாது. ஆனால் ரெசினையும் ஸ்படிகத்தையும் தவிர மற்ற எல்லாம் என் மோட்டார் வைண்டிங் கடையில் குப்பையாகக் கிடக்கிறது. நாள் முழுக்கச் செம்புக் கம்பி சுற்றுகிறவனுக்கு இன்னும் ஒரு சுருள் சுற்றுவதா பெரிய காரியம்?

நேற்றுக் காலையில் பின்கட்டில் வைத்து, உன் பழைய புனலை அச்சாக்கி ஊற்றினேன். (புனலைப் பற்றிப் பிறகு சண்டை போடலாம்.) இறுகுகிறதா, இறுகுகிறதா என்று தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்ததில் கடைக்குப் போகவே மனசு வரவில்லை. மதியம் அதைத் தட்டி எடுத்துச் சாப்பாட்டு மேசையில் தண்ணீர் ஜாடிக்குப் பக்கத்தில் வைத்தேன். அத்தை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார்கள். "இது என்ன மாப்பிள்ளை, ஜெல்லியா? கம்பியெல்லாம் இருக்கே, பல்லு போயிடாது?" என்றார்கள்.

நேற்று அவர்கள் தட்டைக் காலி செய்தார்கள். இன்னொரு கரண்டி சோறு கேட்டு வாங்கினார்கள். நான் கண்ணால் பார்த்தேன். இதற்கு என்ன சொல்கிறாய்?

உன் வைண்டிங்காரன்


பிப்ரவரி 12

வைண்டிங்காரருக்கு,

இதற்கு என்ன சொல்ல? ஒரு நாள் பசித்திருக்கிறது, சாப்பிட்டிருக்கிறார்கள். ஒரு சொட்டு ரத்தத்தைப் பார்த்துவிட்டு ஊரில் எல்லோருக்கும் காய்ச்சல் என்று எழுதினால் எங்கள் மேடம் என்னை மைக்ராஸ்கோப்போடு சேர்த்து வெளியே தூக்கிப் போடுவார்.

எனக்குக் கோபம் ரெசின் மேல் இல்லை. ஞாயிற்றுக்கிழமைகூட அடுக்குமாடி வீடுகளில் பம்ப் மோட்டார், பம்ப் மோட்டார் என்று ஓடுகிற மனிதருக்கு இதற்கு மட்டும் நேரம் எங்கிருந்து வந்தது? நம் வாஷிங் மெஷின் மோட்டார் எரிந்து எத்தனை மாதம் ஆகிறது? ஊர் மோட்டாரெல்லாம் உங்கள் கையால் ஓடுகிறது, நம் வீட்டு மெஷின் மட்டும் துணி மூடிக்கொண்டு மூலையில் நிற்கிறது. அம்மா இன்னும் கையால்தானே துவைக்கிறார்கள்?

அண்ணன் பேசினான். அவன் வீட்டுப் பக்கத்தில் வயதானவர்களைப் பார்த்துக்கொள்கிற ஒரு இல்லம் இருக்கிறதாம். "மாப்பிள்ளை வீட்ல அம்மா எலும்பும் தோலுமா ஆகறதுக்கு இது தேவலை" என்கிறான். நான் வேண்டாம் என்றேன். "அப்போ நீ வந்து பாத்துக்கோ" என்றான். அவன் சொன்னதில் நியாயம் இருக்கிறது. பயிற்சியின் முதல் அரையாண்டு மார்ச்சோடு முடிகிறது. அடுத்த அரையாண்டுக்குத் தொடர்கிறேன் என்று அந்த மாதக் கடைசிக்குள் கையெழுத்துப் போட வேண்டும். அம்மா சாப்பிடவில்லை என்றால் நான் போட மாட்டேன், ஊருக்கு வந்துவிடுவேன். ரத்த வங்கி வேலையெல்லாம் அவ்வளவுதான்.

ஒன்று கேட்கிறேன், கோபப்படாதீர்கள். நான் பாதியில் விட்டுவிட்டு வர வேண்டும் என்றுதான் உங்கள் மனசுக்குள் இருக்கிறதா? அதனால்தான் உருப்படியாக எதுவும் செய்யாமல் கல் செய்துகொண்டிருக்கிறீர்களா? இந்த ஹாஸ்டல் அறையில் ஜன்னலோரம் நின்றபடி தட்டைக் கையில் வைத்துக்கொண்டு சாப்பிடும்போது எனக்கு இப்படியெல்லாம் தோன்றுகிறது.

பயிற்சிக்காரி


பிப்ரவரி 19

மகாராணிக்கு,

உன் கடிதத்தை மடித்து வைத்துவிட்டு இரண்டு நாள் உனக்கு எழுதவே கூடாது என்று இருந்தேன். நீ திரும்பி வர வேண்டுமா என்றால், ஆமாம், வர வேண்டும். இந்த வீட்டில் உன் குரல் இல்லாமல் சுவரெல்லாம் என்னை முறைக்கிறது. ஆனால் தோற்றுப்போய் வரக்கூடாது. உன்னை ரயிலில் ஏற்றிவிட்டுப் படிக்கட்டில் நின்று பல்லைக் காட்டினவன் நான். அதை நடிப்பு என்று சொல்லிவிட்டாயே.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். முதல் கல்லின் சக்தி மறுநாளே போய்விட்டது. ஹாட்பாக்ஸ் அப்படியே இருந்தது. அத்தையிடம் கேட்டேன். கல்லைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதுல சாரம் தீர்ந்துபோச்சு போல மாப்பிள்ளை. புதுசு ஒண்ணு செஞ்சு பாருங்களேன்" என்றார்கள். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. நாம் என்னவோ அவர்களுக்கு ஒன்றும் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

இரண்டாவது கல் ஊத்திக்கொண்டது. காலையில் அவசரமாக ஊற்றி வைத்துவிட்டுக் கடைக்குப் போய்விட்டேன். இறுக வைக்கிற ஹார்ட்னர் கொஞ்சம் தூக்கல். திரும்பி வந்தால் கொதித்துப் புகைந்து, பிளாஸ்டிக் மக்கு உருகி, கல் நடுவில் வெடித்திருந்தது. அன்றைக்கு அத்தை இரண்டு வாயோடு சரி. வெடித்த கல்லுக்கு வேலை செய்யத் தெரியவில்லை.

மூன்றாவதைப் பொறுமையாகச் செய்தேன். கடையை மூடிவிட்டுப் பக்கத்திலேயே இருந்தேன். அருமையாக வந்தது. அத்தை முட்டையைக்கூட மிச்சம் வைக்கவில்லை. சாப்பிட்டுக்கொண்டே மாமா ஒரு முறை தப்பான பஸ்ஸில் ஏறி வேறு ஊருக்குப் போய்ச் சேர்ந்த கதையைச் சொன்னார்கள். எனக்குப் புரையேறிவிட்டது. உனக்கு அந்தக் கதை தெரியுமா? மறுநாள் கடைக்குப் போய் வந்து பார்த்தால் மறுபடியும் பழைய குருடி. "தீர்ந்துபோச்சு" என்றார்கள். கல் எங்கே என்று கேட்டால், "தீர்ந்ததை எதுக்கு வீட்ல வச்சுக்கிட்டு, தூக்கிப் போட்டுட்டேன்" என்றார்கள்.

ஆக, கல் புதுசாக இருக்கும் வரைதான் சக்தி. படத்தில் இப்படி யாரும் சொல்லவில்லை. அதில் ஆயுளுக்கும் வேலை செய்யும் என்றான். நம் வீட்டில் மட்டும் ஏன் ஒரே நாளில் தீர்கிறது? இரும்புச் சீவலில் எண்ணெய் இருந்ததா? ஸ்படிகம் போலியா? மண்டை காய்கிறது.

உனக்கும் சின்னதாக ஒன்று செய்து இதோடு அனுப்பியிருக்கிறேன். தட்டுக்குப் பக்கத்தில் வை. திட்டாதே.

உன் வைண்டிங்காரன்


பிப்ரவரி 25

வைண்டிங்காரருக்கு,

பார்சலைப் பிரித்ததும் அறைத்தோழி "கல்யாண மோதிரமா?" என்று ஓடி வந்தாள். உள்ளே இருந்ததைப் பார்த்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டாள். என் மானம் கப்பலேறியது. கல் இப்போது என் பேப்பர்கள் பறக்காமல் பிடித்துக்கொண்டிருக்கிறது. அந்த வேலையை நன்றாகவே செய்கிறது.

நான் கேட்டது தப்பு. படிக்கட்டில் நின்றது எனக்கும் ஞாபகம் இருக்கிறது.

ஆனால் புகைந்தது என்று எழுதியிருக்கிறீர்களே, அதைப் படித்து எனக்கு உயிரே போய்விட்டது. அம்மா உள்ளே தூங்கிக்கொண்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? இனிமேல் அந்தச் சனியனை ஊற்றினால் வெளியே, காற்றில், வாயையும் மூக்கையும் மூடிக்கொண்டு ஊற்றுங்கள். இறுகும்வரை வீட்டை விட்டு ஓர் அடி நகரக்கூடாது. கடை போனால் போகட்டும்.

இன்னொன்று. இப்படிக் குருட்டாம்போக்கில் போனால் உங்களுக்கும் புரியாது, எனக்கும் புரியாது. நாங்கள் இங்கே செய்வதுபோலச் செய்யுங்கள். ஒரே மாதிரி இரண்டு அட்டைப்பெட்டி எடுங்கள். ஒன்றில் புதுக்கல், இன்னொன்றில் அதே எடைக்கு இரும்பு நட்டு. எல்லாவற்றையும் பக்கத்து வீட்டுத் தையல்காரம்மாவிடம் கொடுத்து, அவரையே உள்ளே போட்டு டேப் ஒட்டச் சொல்லுங்கள். எதில் எது என்று உங்களுக்கும் அம்மாவுக்கும் தெரியக்கூடாது. அவர் தினமும் காலையில் மனசுக்குத் தோன்றிய பெட்டியைக் கொண்டுவந்து மேசையில் வைக்கட்டும். அம்மா சாப்பிடுவதை நீங்கள் பக்கத்தில் இருந்து கண்ணால் பார்த்து எழுதுங்கள். கடையில் இருந்துகொண்டு ஹாட்பாக்ஸைத் திறந்து பார்ப்பதெல்லாம் கணக்கில் சேராது.

அப்பா பஸ் மாறி ஏறிய கதை எனக்குத் தெரியாது. என்னிடம் சொன்னதே இல்லை.

பயிற்சிக்காரி


மார்ச் 6

மகாராணிக்கு,

குழப்பம் என்றால் அப்படி ஒரு குழப்பம். உட்கார்ந்து படி.

ஒரு வாரம் மதியம் மதியம் கடையை மூடிவிட்டு வந்தேன். தையல்காரம்மா ஏதோ தேர்வு நடத்துகிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு பெட்டியை வைத்துவிட்டுப் போவார்கள். நானும் அத்தையும் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிடுவோம். நான் அவர்கள் தட்டையே பார்ப்பேன். "என்ன மாப்பிள்ளை, எனக்கு உங்களைவிட பெரிய முட்டையா?" என்று ஒரு நாள் கேட்டார்கள். வாரக் கடைசியில் தையல்காரம்மா தன் துண்டுச்சீட்டைக் காட்டினார்கள். கல் இருந்த பெட்டி வைத்த நாளெல்லாம் அத்தை நன்றாகச் சாப்பிட்டிருக்கிறார்கள். நான் எகிறிக் குதிக்கப் போனேன். அதற்குள் மிச்சத்தைச் சொன்னார்கள். நட்டு இருந்த பெட்டி வைத்த நாளெல்லாமும் நன்றாகச் சாப்பிட்டிருக்கிறார்கள்!

கல்லும் வேலை செய்கிறது, நட்டும் வேலை செய்கிறது! அப்படியானால் இரும்பில்தான் சக்தியா? அல்லது இரண்டு பெட்டியும் தையல்காரம்மா வீட்டில் ஒன்றாகக் கிடந்ததில் நட்டுக்குச் சக்தி ஒட்டிக்கொண்டதா? மோட்டார் கட்டும்போது காந்தத்துக்குப் பக்கத்தில் வைத்த ஸ்குரூடிரைவரும் காந்தமாகிவிடும், அதுபோல? தையல்காரம்மா, "எந்தப் பெட்டியும் வைக்காம ஒரு நாள் பாக்கலாமே" என்றார்கள். பார்த்தோம். அதற்கும் சாப்பிட்டுவிட்டார்கள். மேசையில் உப்புக் குடுவையும் நாங்களும்தான் இருந்தோம்.

அத்தை முகத்தில் கொஞ்சம் சதை பிடித்திருக்கிறது. மச்சானிடம் சொல். எனக்கு இருமல் இருக்கிறது, ரெசின் வாடைதான், பயப்படாதே. கடையில் வேலை மலையாகக் குவிந்து கிடக்கிறது, நாளையிலிருந்து மதியம் வர முடியாது. ஆனால் ஒன்று மட்டும் சொல், எது வேலை செய்கிறது? நீ படித்தவள். எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

உன் வைண்டிங்காரன்


மார்ச் 10

வைண்டிங்காரருக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். ஏதோ ஒன்று கைக்குப் பக்கத்தில் வந்து வந்து நழுவுகிறது. எங்கள் லேபில் இப்படி ஆகும்போது மேடம் ஒன்றைத்தான் கேட்பார், "எல்லா நாளிலும் மாறாம இருந்தது எது?"

ஆகவே ஒரே ஒரு சோதனை மட்டும் பாக்கி. புதுக்கல், நல்ல கல், மேசையில் வையுங்கள். பெட்டி கிட்டி எதுவும் வேண்டாம். வைத்துவிட்டு நீங்கள் கடைக்குப் போய்விடுங்கள். தட்டை மட்டும் தையல்காரம்மா வந்து பார்க்கட்டும்.

சீக்கிரம் எழுதுங்கள். அண்ணன் அந்த இல்லத்தில் இடம் சொல்லி வைத்துவிட்டான். நான் கையெழுத்துப் போடுவதா வேண்டாமா என்று தெரியாமல் பேனாவைக் கடித்துக்கொண்டிருக்கிறேன். இந்த வாரம் எனக்கும் சாப்பாடு இறங்கவில்லை. உங்கள் கல் பக்கத்தில்தான் இருக்கிறது.

இருமலுக்கு யாரிடமாவது காட்டுங்கள். விளையாடாதீர்கள்.

பயிற்சிக்காரி


மார்ச் 19

மகாராணிக்கு,

செய்தேன். இதுவரை செய்ததிலேயே அழகான கல் அது. நீலச் சாயம் கலந்து, செம்புச் சுருளை மூன்று அடுக்காகச் சுற்றி வைத்தேன். மேசை நடுவில் வைத்துவிட்டுக் கடைக்குப் போனேன். தையல்காரம்மா வந்து தட்டைப் பார்த்தார்களாம். இரண்டு வாய். அடுத்த நாளும் இரண்டு வாய்.

எனக்கு உடனே பொறி தட்டியது. சிரிக்காதே. இத்தனை நாள் இந்தச் சாமான்களோடு புழங்கியதில் அந்தச் சக்தி என் உடம்பில் ஏறிவிட்டதோ? நான் இருக்கிற நாளில் வேலை செய்கிறது, இல்லாத நாளில் செய்யவில்லை, அப்படியானால் ஆர்கோனைட் நானா? தையல்காரம்மாவிடம் சொன்னேன். அவர்கள் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, "போய்ப் பொழப்பப் பாருங்க" என்று கதவைச் சாத்திக்கொண்டார்கள்.

நேற்று அத்தை வழக்கம்போல, "இதுவும் தீர்ந்துபோச்சு மாப்பிள்ளை" என்றார்கள். எனக்கு அலுத்துவிட்டது. ரெசின் வாடை மார்புக்கும் ஒத்துக்கொள்ளவில்லை. புதுக்கல் வேண்டாம், நீ திட்டினாயே என்று இன்று மதியம் வாஷிங் மெஷினைக் கழற்றலாம் என்று வீட்டுக்கு வந்தேன். மேலே போர்த்தியிருந்த துணியை எடுத்து மூடியைத் திறந்தேன்.

உள்ளே என் கல்லெல்லாம் இருந்தது.

முதலில் உன் புனலில் ஊற்றியது, வெடித்தது, தூக்கிப் போட்டுவிட்டேன் என்றார்களே அது, நேற்றுத் தீர்ந்த நீலம், ஒன்று விடாமல். ஒவ்வொன்றும் ஒரு கிழிந்த சேலைத் துண்டில் சுற்றி, கீறல் படாமல் அடுக்கியிருந்தது. இந்த வீட்டில் நான் கை வைக்கவே மாட்டேன் என்று அவர்களுக்கு நிச்சயமாகத் தெரிந்த ஒரே இடம் அதுதானே.

தீர்ந்துபோனதை எதற்கு இவ்வளவு பத்திரமாக வைக்க வேண்டும்? தீரவில்லை என்றால் எதற்குத் தீர்ந்தது என்று சொல்ல வேண்டும்? மூடியைப் பிடித்துக்கொண்டு மரம் மாதிரி நின்றேன். பின்னால் அத்தையின் செருப்புச் சத்தம் கேட்டது. பார்த்தேனா இல்லையா என்று அவர்கள் கேட்கவில்லை. நானும் மெதுவாக மூடியை மூடினேன்.

"கை கழுவிட்டு வாங்க மாப்பிள்ளை," என்றார்கள். "ரெண்டு தட்டு வச்சுட்டேன்."

போய் உட்கார்ந்தேன். அவர்கள் நன்றாகச் சாப்பிட்டார்கள். எனக்குத்தான் தட்டில் பாதிச் சோறு மிச்சமாகிவிட்டது. இருமல் என்று சொன்னேன்.

இதற்கு என்ன அர்த்தம் என்று நீயே எழுது. எனக்குப் புரிகிற மாதிரியும் இருக்கிறது, புரியாத மாதிரியும் இருக்கிறது.

உன் வைண்டிங்காரன்


மார்ச் 23

அன்பு வைண்டிங்காரருக்கு,

ஆமாம். ஆர்கோனைட் நீங்கள்தான்.

உங்கள் கடிதத்தை லேபிலேயே பிரித்துவிட்டேன். படித்து முடித்ததும் மேடம் என்னை வெளியே போய் முகம் கழுவிக்கொண்டு வரச் சொன்னார். எங்கம்மா மாப்பிள்ளை முகத்தைப் பார்த்து "கூட உட்கார்ந்து ரெண்டு வாய் சாப்பிடுங்க" என்று வாய்விட்டுக் கேட்கிற ஆளா? பெற்ற மகள் என்னிடமே கேட்டதில்லை. கல் ஊற்றினால் இறுகும்வரை நீங்கள் வீட்டில் இருக்கிறீர்கள். அதைக் கண்டுபிடித்துக்கொண்டார்கள், அவ்வளவுதான். நான் மைக்ராஸ்கோப் வைத்துக்கொண்டு தேடியதை அவர்கள் முதல் நாளே பார்த்திருக்கிறார்கள்.

அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடாதீர்கள். குன்றிப்போவார்கள். ரெசினை மட்டும் இன்றோடு நிறுத்துங்கள். கல்லெல்லாம் எங்கே இருக்கிறதோ அங்கேயே இருக்கட்டும். மெஷின் ரிப்பேர் பெரிய வேலை என்று சொல்லுங்கள். மோட்டாரைத் தனியாகக் கழற்றி, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் சுற்ற முடியும், அதுவும் மதியத்தில் வீட்டுக்கு வந்துதான் முடியும் என்று சொல்லுங்கள். எத்தனை மாதம் ஆனாலும் ஆகட்டும். நான் வந்து துணி துவைத்துக்கொள்கிறேன்.

அண்ணனிடம் இல்லமும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். கையெழுத்துப் போட்டுவிட்டேன். அடுத்த அரையாண்டும் இங்கேதான்.

உங்கள் பயிற்சிக்காரி

பி.கு. எனக்கு அனுப்பிய கல்லிலும் சாரம் தீர்ந்துபோச்சு. தபாலில் அனுப்ப வேண்டாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மாவையும் கூட்டிக்கொண்டு, புதுசு ஒன்றை நேரில் கொண்டுவாருங்கள். மதியச் சாப்பாட்டுக்கு மூன்று தட்டு எடுத்து வைக்கிறேன்.